போடிமெட்டு ஏற்றம்: சனிக்கிழமை மிதித்து ஏற, ஞாயிற்றுக்கிழமை பத்திரமாக இறங்க

போடிநாயக்கனூரில் நின்று மேற்கே பார்த்தால் சுவர் எழுப்பினாற்போல மலை நிற்கும். அந்தச் சுவரின் மேல்விளிம்புதான் போடிமெட்டு. இந்தப் பக்கம் தேனி மாவட்டம், அந்தப் பக்கம் இடுக்கி. கொச்சியிலிருந்து தனுஷ்கோடி போகும் தேசிய நெடுஞ்சாலை 85 இந்தச் சுவரில் 17 கொண்டை ஊசி வளைவுகளைப் போட்டு ஏறி இறங்குகிறது. ஊரிலிருந்து அடிவாரமான முந்தல் வரை ஏழெட்டு கிலோமீட்டர் லேசான ஏற்றம். முந்தலிலிருந்து மெட்டு வரை சுமார் 18 கிலோமீட்டர். அதற்குள் உயரம் ஏறத்தாழ 950 மீட்டர் கூடும். சராசரி 5 சதவீதம், அதாவது நூறு மீட்டர் போனால் ஐந்து மீட்டர் மேலே.

5 சதவீதம் என்பது கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். இந்த ஏற்றத்தின் கடுமை அது விடாமல் தொடர்வதில் இருக்கிறது. நடுவில் காலை ஆற்றிக்கொள்ள இறக்கம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. இரண்டரை மணி நேரம் ஒரே மாதிரி மிதிக்க வேண்டும். இங்கே பாதியில் உட்கார்ந்துவிடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் உடம்பில் வலு குறைவில்லை. கியர் பெரியதாக இருந்திருக்கும், அல்லது முதல் நாலைந்து வளைவை வேகமாக ஏறியிருப்பார்கள். இரண்டையும் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே சரிசெய்துவிடலாம்.

கியர் கணக்கு

முன் பல்சக்கரத்தின் பற்களைப் பின் பல்சக்கரத்தின் பற்களால் வகுத்தால் வருவதுதான் கியர் விகிதம். முன்னால் 28, பின்னால் 28 என்றால் விகிதம் 1. பெடல் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரமும் ஒரு சுற்று. ரோடு சைக்கிளின் வழக்கமான அளவான 700சி சக்கரத்தில் அது சுமார் 2.14 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 7.7 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். போடிமெட்டில் ஓரளவு பழகிய ஒருவருக்கு ஏற்ற வேகம் இதுதான், மணிக்கு 7 முதல் 9 கிலோமீட்டர்.

ரோடு சைக்கிளில் முன்னால் சின்னது 34, பின்னால் பெரியது 28 என்று வைத்துக் கொடுப்பார்கள். விகிதம் 1.21. அதே 60 சுற்றுக்கு 9.3 கிலோமீட்டர் போயாக வேண்டும். போக முடியாதபோது சுற்று 45, 40 என்று குறையும். ஒவ்வொரு மிதிக்கும் முழு உடம்பையும் அழுத்த வேண்டியிருக்கும். முட்டிக்கு முன்பக்கம் வலி கிளம்புவது அப்போதுதான். ஆகவே விகிதம் 1 அல்லது அதற்குக் கீழ் இல்லாத வண்டியோடு இந்த மலைக்குப் போகாதீர்கள். மூன்று முன் பல்சக்கரம் உள்ள ஹைப்ரிட், எம்டிபி (மலைச் சைக்கிள்) வண்டிகளில் இந்தக் கவலை இல்லை. 24-க்கு 34 இருந்தால் விகிதம் 0.7, மணிக்கு ஐந்தரை கிலோமீட்டரிலும் நிதானமாகக் கால் சுற்றும். கியர் இல்லாத சாதாரணச் சைக்கிளில் விகிதம் இரண்டரைக்குப் பக்கத்தில் நிற்கும். அதில் மலை ஏறுவது தள்ளிக்கொண்டு போவதுதான்.

பின்னால் 34 பல் போட நினைத்தால் முதலில் டிரெயிலரை (derailleur), அதாவது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவியைப் பாருங்கள். கூண்டு குட்டையான டிரெயிலர் 28 அல்லது 30 பல்லோடு நின்றுவிடும், அதற்கு மேல் கூண்டு நீளமானது வேண்டும். செயினையும் நீட்ட வேண்டும். பழைய நீளத்திலேயே விட்டால், முன்னாலும் பின்னாலும் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றிய கணம் டிரெயிலர் இழுபட்டுப் பிய்ந்து வரும். ஏழு கியர் வண்டிகளில் பின்னால் இருப்பது பெரும்பாலும் மரையில் முறுக்கிய பல்சக்கரத் தொகுதி, ஃப்ரீவீல். மலை ஏறிய காலில் அது நன்றாக இறுகியிருக்கும். அதற்குரிய ரிமூவரும் பெரிய ஸ்பேனரும் இல்லாமல் சுத்தியலால் தட்டிக் கழற்ற யாரையும் விடாதீர்கள்.

கிளம்பும் முந்தைய வாரம்

செயினை அளக்க இரும்பு ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவிலிருந்து எண்ணி 24-ஆவது பின்னின் நடு வரை புதுச் செயினில் 304.8 மில்லிமீட்டர் இருக்கும். 306.3-ஐத் தொட்டால் செயினை மாற்றுங்கள். 307.8-ஐத் தாண்டியிருந்தால் பின் பற்களும் தேய்ந்திருக்கும். அப்போது புதுச் செயின் மட்டும் போட்டால் ஏற்றத்தில் அழுத்தும்போதெல்லாம் வழுக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, முழுதாகக் காய்ந்த பிறகு ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். பத்து நிமிடம் கழித்து வெளியே நிற்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள். வெளியே நிற்கும் எண்ணெய் தூசியைத்தான் சேர்க்கும்.

அடுத்தது டிரெயிலரில் 'எல்' என்று எழுதியிருக்கும் திருகு. மலையில் நேரக்கூடிய மிக மோசமான கோளாறு இதில்தான் இருக்கிறது. களைத்துப் போய்க் கடைசிக் கியரைத் தேடும்போது, செயின் பெரிய பல்லையும் தாண்டி ஸ்போக்குக்குள் விழுந்தால் டிரெயிலர் சுற்றிக்கொண்டு நொறுங்கும், ஸ்போக்குகள் அறுபடும், அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது. பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, பெரிய பல்லுக்கு மாற்றி, பெடலைக் கையால் சுற்றியபடியே டிரெயிலரைக் கட்டை விரலால் உள்பக்கம் மெல்ல அழுத்திப் பாருங்கள். செயின் ஸ்போக் பக்கம் நகர எத்தனித்தால் திருகைக் கால் சுற்று வலப்பக்கம் முறுக்கி, மறுபடி பாருங்கள். பின்னாலிருந்து பார்க்கும்போது டிரெயிலரின் மேல் உருளை பெரிய பல்லுக்கு நேர் கீழே நிற்க வேண்டும். ரயிலிலோ பஸ்ஸின் கூரையிலோ ஏற்றிக் கொண்டுவந்த வண்டிக்கு, போடியில் இறக்கியதும் இதை இன்னொரு முறை செய்யுங்கள். வலப்பக்கமாகச் சாய்ந்து கிடந்திருந்தால் டிரெயிலரைத் தாங்கும் காது உள்ளே வளைந்திருக்கும்.

2023 ஜூனில் அகலப்பாதையில் போடி வரை ரயில் திரும்ப வந்த பிறகு வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பயணம் சுலபமாகிவிட்டது. வண்டியை ஏற்றும்போது செயினைப் பின்னால் பெரிய பல்லில் வைத்துவிடுங்கள், டிரெயிலர் உள்ளொடுங்கி நிற்கும்.

டயர் காற்று: 28 மில்லிமீட்டர் அகலத்துக்கு 70 முதல் 80 பிஎஸ்ஐ, 32-க்கு 55 முதல் 65, எம்டிபியின் இரண்டு அங்குல டயருக்கு 35 முதல் 40. டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அளவு உச்ச வரம்பு. அவ்வளவு அடித்தால் வேகம் கூடாது, வண்டி குதிக்கும், இறக்கத்தில் பிடிப்பும் குறையும்.

கொண்டுபோக வேண்டியவை: மாற்று டியூப் இரண்டு, ஒட்டும் சாமான், டயர் நெம்பி இரண்டு, கை பம்ப், மடக்குச் சாவி, செயின் பின் தள்ளி, அறுந்த செயினை இணைக்க உங்கள் கியர் எண்ணிக்கைக்குப் பொருந்தும் குவிக் லிங்க் ஒன்று, பின் கியருக்கு நீளமான கேபிள் ஒன்று, நாலைந்து கேபிள் டை. நன்றாகக் கழுவிக் காயவைத்த பால் கவர் ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். டயரே கிழிந்துவிட்டால் அதை நாலாக மடித்து, கிழிசலுக்கு உள்ளே, டியூபுக்கும் டயருக்கும் நடுவில் வைத்துக் காற்றை 40 பிஎஸ்ஐயோடு நிறுத்தினால் ஊர் வந்து சேரலாம். உங்கள் டியூபில் மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் பித்தளை அடாப்டர் ஒன்றை வால்விலேயே மாட்டி வையுங்கள். ஊர்ப் பஞ்சர் கடை பம்ப் அதில் நேரடியாகப் பிடிக்காது. போடிக்கும் முந்தலுக்கும் நடுவில் சாலையோரம் கருவேல முள் கிடக்கும். பஞ்சரானால் டியூபை மாற்றும் முன் டயரின் உள்பக்கத்தைத் துணியால் ஒரு சுற்றுத் தடவி முள்ளைத் தேடி எடுங்கள். முள்ளை விட்டுவிட்டால் மாற்று டியூபும் ஐந்தாவது நிமிடத்தில் போகும்.

எடையைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஆளும் வண்டியும் சாமானும் சேர்ந்து 85 கிலோ என்றால், ஒரு கிலோ கூடுவதால் மெட்டு வரை தாமதமாவது ஒன்றரை நிமிடம்தான். அதனால் தண்ணீரைக் குறைக்காதீர்கள், டியூபைக் குறைக்காதீர்கள்.

எந்த மாதம், எந்த நேரம்

ஜனவரி, பிப்ரவரி சிறந்தவை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும், இந்தப் பக்கம் கணவாய்கள் வழியே காற்று இறங்கும். முந்தலுக்குப் போகும் சமதரையிலேயே எதிர்காற்றில் கால் தீர்ந்துவிடும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் முற்பாதியில் இந்தச் சரிவில்தான் மழை. பாறையும் மண்ணும் சரிந்து போக்குவரத்தை நிறுத்தும் காலம் அது. முதல் நாள் இரவு பெரிய மழை பெய்திருந்தால் மறுநாள் கிளம்பாதீர்கள். ஏப்ரல், மே வெயிலில் 5 சதவீதம் 8 சதவீதமாகத் தோன்றும்.

இந்தச் சரிவு கிழக்குப் பார்த்தது. காலை வெயில் நேரே முதுகில் விழும். மற்ற மலைகளில் போல நிழலில் ஏறலாம் என்று நினைத்து எட்டு மணிக்குக் கிளம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். போடியில் ஐந்தரைக்குக் கிளம்பி, ஆறு ஆறேகாலுக்கு முந்தலைத் தாண்டி, ஒன்பதுக்குள் மெட்டைத் தொடுவதுதான் திட்டம்.

அந்த நேரத்தில் உங்களோடு சாலையைப் பங்கு போடுவது தோட்ட ஜீப்புகள். போடி, தேவாரம், கோம்பை ஊர்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு அதிகாலையிலிருந்து மேலே போகும், மாலை நாலு மணிக்கு மேல் திரும்பி இறங்கும். ஆள் நிரம்பிய வண்டி வேகத்தை விடாது. ஹாரன் கேட்டதும் வெள்ளைக் கோட்டுக்கு இடப்பக்கம் ஒதுங்கி ஒரே நேர்கோட்டில் போங்கள். வளைந்து வளைந்து மிதித்துச் சரிவைக் குறைக்கும் வித்தை இந்தச் சாலைக்கு ஆகாது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் போவதும் கூடாது.

வயிறு

85 கிலோவை 950 மீட்டர் தூக்க ஏறத்தாழ 800 கிலோஜூல் வேலை. டயர் உராய்வும் காற்றும் சேர்த்து 900. மனித உடம்பு உணவில் கால்வாசியைத்தான் வேலையாக மாற்றும் என்பதால், எத்தனை கிலோஜூல் வேலையோ ஏறத்தாழ அத்தனை கிலோகலோரி செலவு. ஆக, மெட்டுக்குப் போய்ச்சேர 900 கிலோகலோரி. சதையிலும் ஈரலிலும் உள்ள இருப்பு இதற்குப் போதும். ஆனால் இரவு முழுக்கப் பட்டினி கிடந்த ஈரலில் இருப்பு குறைந்திருக்கும், காலையில் எதுவும் தின்னாமல் ஏறினால் பத்தாவது வளைவுக்கு மேல் கண் இருட்டும்.

முதல் நாள் இரவு சோறு நிறைய, எண்ணெய் குறைவாக. காலை ஐந்து மணிக்கு மூன்று இட்லி அல்லது இரண்டு வாழைப்பழம், ஒரு டம்ளர் தேநீர். பூரியும் பொங்கலும் வேண்டாம், நெய்யும் எண்ணெயும் வயிற்றிலேயே நிற்கும். முந்தலைத் தாண்டிய பிறகு இருபது நிமிடத்துக்கு ஒரு முறை வாயில் ஏதாவது போட வேண்டும். பசிக்கும் வரை காத்திருந்தால் தாமதம். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது அளவு. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் கிடைக்கும். பேரீச்சை, கடலை மிட்டாய், வெல்லத் துண்டு எல்லாம் நல்லவை. கடலை மிட்டாயைச் சின்னதாக உடைத்துப் பையில் வையுங்கள், மூச்சு வாங்கும்போது பெரிய துண்டைக் கடித்தால் புரையேறும். பழத்தைக் கையில் பிடித்தபடி வளைவில் நிற்காதீர்கள். குரங்குகள் அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கின்றன.

தண்ணீர் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர். ஆளுக்கு இரண்டு லிட்டர் போடியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். முந்தலுக்கு மேல் கடையை நம்பிப் போக முடியாது. ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் ஓஆர்எஸ். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், அரை லிட்டரில் கரைத்தால் குமட்டும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வியர்த்துக் கொட்டும்போது வெறும் தண்ணீரையே மூன்று நான்கு லிட்டர் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலியும் வாந்தியும் வரும், அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் குடிப்பார்கள்.

முந்தலிலிருந்து ஐந்தாவது வளைவு வரை

முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டி, குரங்கணிக்குப் பிரியும் சாலையை விட்டு மெட்டுச் சாலையில் ஏறியதும் சின்னக் கியருக்கு வந்துவிடுங்கள். கால் புதிதாக இருக்கும், குளிரும் இருக்கும், கூட வருகிறவர்கள் முந்துவார்கள். விட்டுவிடுங்கள். முதல் முக்கால் மணி நேரத்துக்கான அளவு இதுதான்: பக்கத்தில் வருகிறவரோடு ஒரு முழு வாக்கியத்தை மூச்சு விடாமல் பேசி முடிக்க வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு இழுத்தால் வேகம் அதிகம். ஆரம்பத்தில் பத்து நிமிடம் மிச்சப்படுத்துகிறவர் கடைசி ஐந்து வளைவில் அரை மணி நேரம் இழப்பார். சதையில் சேர்த்து வைத்த சர்க்கரை வேகமாக மிதிக்கும்போது வேகத்தை மிஞ்சிக் கரையும், அதைச் சாலையிலேயே திரும்ப நிரப்ப வழியில்லை.

உட்கார்ந்தே மிதியுங்கள். எழுந்து நின்றால் நாடித்துடிப்பு எகிறும். முதுகு வலித்தால் மட்டும் ஒரு கியர் பெரிதாக்கி, இருபது முப்பது மிதி எழுந்து மிதித்து, மறுபடி உட்காருங்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காதீர்கள். பியானோவில் விரல் வைப்பது போல விரல்கள் அசைந்துகொண்டிருந்தால் தோளும் இறுகாது. சீட் உயரம்: குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், பாதத்தின் முன்பகுதியில் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு அல்லது கியர் பெரிது, பின்பக்கம் வலித்தால் சீட் உயரம். ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் ஒரே தடவையில் மாற்றாதீர்கள்.

வளைவுக்குள்

வளைவின் உள்பக்கம் சரிவு வெளிப்பக்கத்தைவிட இரண்டு மடங்கு வரை இருக்கும். நாம் இடப்பக்கம் போகிறவர்கள், ஆகவே இடதுபுறம் திரும்பும் வளைவில்தான் அந்தச் செங்குத்து நமக்கு வந்து வாய்க்கும். வளைவுக்கு முப்பது மீட்டர் முன்பே கியரைக் குறையுங்கள். மாற்றும் அந்த ஒரு சுற்று மட்டும் அழுத்தத்தைத் தளர்த்துங்கள். அழுத்திக்கொண்டே முன் கியரைக் குறைத்தால் செயின் உள்ளே கழன்று விழும். விழுந்தால் பதறாமல் முன் கியரைப் பெரியதுக்குத் தள்ளி மெல்லச் சுற்றுங்கள், பல நேரம் தானாக ஏறிக்கொள்ளும்.

முன்னும் பின்னும் வண்டி இல்லை என்று காதும் கண்ணும் உறுதியாகச் சொன்னால் பாதையின் நடுப்பகுதிக்கு வந்து விரிந்த வட்டமாகத் திரும்புங்கள். பஸ் வரும் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். பஸ் திரும்பும்போது முன்சக்கரம் வெளியே போகும், பின்சக்கரம் உள்பக்கத்தை வெட்டிக்கொண்டு வரும். அந்த உள்பக்கத்தில் சைக்கிளுக்கு இடமே இருக்காது. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை விதி. சைக்கிள்காரர் அதை நம்பி எதிரே வரும் லாரியோடு போட்டி போட வேண்டாம்.

நின்ற வண்டியைச் சரிவில் மறுபடி கிளப்பத் தனியாக ஒரு முறை உண்டு. சீட்டைத் தூக்கி, பின்சக்கரம் தரையில் படாமல் பெடலைச் சுற்றிச் சின்னக் கியர் விழுந்திருக்கிறதா பாருங்கள். வலது பெடலைக் கடிகாரத்தில் இரண்டு மணி முள் நிற்கும் இடத்தில் வையுங்கள். இரண்டு பிரேக்கையும் பிடித்தபடி அதில் காலை ஊன்றி, பிரேக்கை விடும் அதே கணத்தில் முழு எடையோடு மிதியுங்கள். அந்த ஒரு மிதியில் இடது கால் பெடலைப் பிடித்துவிட வேண்டும்.

கால் மறுக்கும்போது

பத்து, பன்னிரண்டு வளைவுகளுக்கு அப்பால் எல்லோருக்கும் ஒரு கட்டம் வரும். அது களைப்பா, பசியா, சூடா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றுக்கும் மருந்து வேறு.

கால் கனத்து, ஆனால் தலை தெளிவாக இருந்தால் அது வெறும் களைப்பு. இறங்கி ஐந்நூறு மீட்டர் தள்ளிக்கொண்டு நடங்கள். நடக்கும் வேகம் மணிக்கு நாலு கிலோமீட்டர், மிதிக்கும் வேகம் ஆறு. இழப்பு மிகக் குறைவு, வேறு சதைகள் வேலை செய்வதால் தொடை ஆறும். பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தால் கால் இறுகிவிடும்.

கை நடுங்கி, எரிச்சல் வந்து, சின்னக் கணக்குகூட மனதில் ஓடவில்லை என்றால் சர்க்கரை இறங்கிவிட்டது. நின்று, வெல்லம் அல்லது பேரீச்சை ஐந்தாறு தின்று தண்ணீர் குடித்து, பதினைந்து நிமிடம் பொறுங்கள்.

வெயிலில் உடம்பு சிலிர்த்து, தலை சுற்றி, வியர்வை குறைந்தால் அது வெப்பம். நிழலில் உட்கார்ந்து சட்டையைத் தளர்த்தி, பிடரியிலும் அக்குளிலும் தண்ணீர் ஊற்றுங்கள். அரை மணியில் தெளியவில்லை என்றால் அன்றைக்கு ஏற்றம் முடிந்தது. நெஞ்சில் பாரமோ இடக்கை வலியோ வந்தால் அந்தக் கணமே நிறுத்தி 108-ஐக் கூப்பிடுங்கள். சிக்னல் இல்லாத இடமாக இருந்தால் வருகிற வண்டியை மறியுங்கள். "அண்ணே, ஒடம்பு சரியில்ல, கீழ ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு விடுங்க" என்றால் நிறுத்தாமல் போகிற ஜீப்காரர் இந்தச் சாலையில் அபூர்வம்.

கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் காலை நீட்டி, பாதத்தின் விரல் பக்கத்தை முட்டியை நோக்கி மெல்ல இழுத்து முப்பது வினாடி பிடியுங்கள். தொடையின் முன்பக்கம் பிடித்தால் குதிகாலைப் பின்னால் மடக்கிப் புட்டத்தோடு சேருங்கள். குத்துவதும் பிசைவதும் வேண்டாம். பிறகு ஒரு கியர் குறைத்து மிதியுங்கள். பிடிப்பு வந்த சதை அன்று முழுக்க மறுபடி பிடிக்கத் தயாராகவே இருக்கும்.

மெட்டில், அதற்கப்பால்

மேலே குளிர் ஆறு டிகிரி வரை கூடுதலாக இருக்கும், சட்டை நனைந்திருக்கும், அடுத்தது பூப்பாறைக்கு இறக்கம். தேநீர்க் கடையில் உட்காரும் முன்பே ஈரச் சட்டையை மாற்றுங்கள். காற்றுத் தடுப்புச் சட்டை இல்லையென்றால் நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவில் பழைய செய்தித்தாள் இரண்டு தாள் வைத்தால் போதும். கையில் நோட்டாகப் பணம் வைத்திருங்கள், சிக்னல் போன இடத்தில் போன் காசு வேலை செய்யாது. மேகம் இறங்கியிருந்தால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் பகலிலும் எரிய வேண்டும்.

சனிக்கிழமையைப் பூப்பாறையோடு முடித்துக்கொள்வதே முதல் முறை வருகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை. அங்கிருந்து ஆனையிறங்கல், கேப் ரோடு, தேவிகுளம் வழியாக மூணாறு போகும் சாலை அழகானது. ஆனால் மறுபடி ஏற்றம், அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். பூப்பாறைக்கு இறங்கிய உயரத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் திரும்ப ஏற வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. தொட்டி நிரம்ப இரவுச் சோறு தேவை. சோறோ கப்பையோ (மரவள்ளிக்கிழங்கு) வயிறாரச் சாப்பிடுங்கள். தோட்டப் பகுதிகளில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய, மொழிக் கஷ்டம் இல்லை.

யானை விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். சின்னக்கானல், ஆனையிறங்கல் பகுதி யானைகளின் வழித்தடம். 2023 ஏப்ரலில் அங்கே மயக்க ஊசி போட்டுப் பிடித்து இடம் மாற்றப்பட்ட அரிக்கொம்பன் அடுத்த மாதமே கம்பம் ஊருக்குள் வந்து நின்றது நினைவிருக்கும். அந்த ஒன்று போய்விட்டதால் மற்றவை போய்விடவில்லை. மாலை ஐந்துக்குப் பிறகும் காலை ஏழுக்கு முன்பும் சைக்கிளில் வெளியே போகாதீர்கள். தங்கும் இடத்தில், கடையில், எங்கே நிற்கிறது என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சைக்கிளுக்குச் சத்தம் இல்லை. யானைக்கு நீங்கள் வருவது தெரியாது, அதுதான் ஆபத்து. சாலையில் கண்டால் நூறு மீட்டர் தள்ளியே நின்று திரும்பிவிடுங்கள்.

இறக்கம்

ஏறும்போது காலால் மேலே ஏற்றிய 800 கிலோஜூலும் இறங்கும்போது வெப்பமாக வெளியேற வேண்டும். கொஞ்சத்தைக் காற்று வாங்கிக்கொள்ளும், மீதி முழுக்கப் பிரேக்குக்கு. பிரேக்கை விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம்முக்கு ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. சூடேறிய ரிம்மில் டியூப் வெடிக்கும், ஒட்டிய ஒட்டு இளகும். டிஸ்க் பிரேக்கில் பேடின் பிடி தளரும். ஆகவே நேர்ச் சாலையில் விட்டு, வேகம் கூடியதும் இரண்டு பிரேக்கையும் சேர்த்து இரண்டு மூன்று வினாடி அழுத்தமாகப் பிடித்து, முழுதாக விடுங்கள். மறுபடி பிடித்து, மறுபடி விடுங்கள். 25, 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட வேண்டாம்.

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் முன் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் வழுக்கும். வெளிப்பக்கப் பெடல் கீழே, எடை அதன் மேல், கண் வளைவு முடியும் இடத்தில். கையின் இரண்டு விரல் எப்போதும் பிரேக்கின் மேல் இருக்கட்டும். வளைவுகளில் பஸ், லாரி சிந்திய டீசல் படிந்திருக்கும். ஈரச் சாலையில் வானவில் நிறம் தெரிந்தால் அந்த இடத்தில் சாயாமல், பிரேக் பிடிக்காமல் நேராகக் கடந்துவிடுங்கள். மழையில் ரிம் பிரேக் முதல் சில சுற்றுக்குப் பிடிக்காது, அதனால் முன்கூட்டியே லேசாகப் பிடித்துத் தண்ணீரை வழித்துவிட வேண்டும்.

நாலு வளைவுக்கு ஒரு முறை நின்று ரிம்மில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சுர்ரென்றால் பத்து நிமிடம் காத்திருங்கள். பாட்டில் தண்ணீரை மொத்தமாக ஊற்றிக் குளிர வைக்க முயலாதீர்கள். டிஸ்க்கை விரலால் தொட்டால் தோல் உரிந்துவிடும். பிரேக் கைப்பிடி ஹேண்டில்பாரைத் தொடும் அளவுக்கு உள்ளே வந்தால் கேபிள் நுனியில் உள்ள உருளைத் திருகை இடப்பக்கம் இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள், கேபிள் இறுகும். அப்படியும் தொட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு வாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மெட்டைப் பத்து பத்தரைக்குள் தொட்டு, தேநீர் குடித்து, பன்னிரண்டுக்குள் முந்தலில் இருந்தால் மாலை ஜீப்புகளுக்கு வெகு முன்பே வந்தாயிற்று. முந்தலிலேயே ஒரு நிழலில் நிறுத்தி இரண்டு டயரையும் ஒரு சுற்றுப் பாருங்கள். பிரேக் கட்டையில் உள்ள கோடு தேய்ந்து மறைந்திருந்தால் போடிக்குப் போகும் அந்தக் கடைசி ஏழெட்டு கிலோமீட்டரை மெதுவாக மிதித்து, ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.